பலகைச் சுவரும் ஒரு பழைய கடிதமும்

போன மாதம் ஒரு சனிக்கிழமை, சுங்கைப் பட்டாணியில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். ஊழியர் சேமநிதி விஷயமாக ஏதோ பழைய தாள் வேண்டுமென்று அலமாரியில் இருந்த கோப்புகளையெல்லாம் தரையில் பரப்பி வைத்திருந்தார். சம்பளச் சீட்டுகள், மருத்துவ விடுப்புச் சீட்டுகள், பிள்ளைகளின் பள்ளி ரசீதுகள். நடுவில் மலாய் மொழியில் தட்டச்சு செய்த ஒரு பக்கக் கடிதம். தேதி 2006. எடுத்துப் படித்தேன். எச்சரிக்கைக் கடிதம். ஒரு தட்டு நிறைய 'ஹெட்' கெட்டுப்போனதற்கு அக்காவின் 'கெச்சுவாயான்' காரணம் என்று எழுதியிருந்தார்கள். அலட்சியம் என்று பொருள்.

"இதை ஏன் இன்னும் வெச்சிருக்கீங்க?" என்று கேட்டேன்.

"தூக்கிப் போட மனசு வரல தம்பி. அன்னிக்கு நான் என்ன தப்புப் பண்ணேன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது."

அக்கா 1992-இல் பினாங்கு பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்தார். கணினிக்கான ஹார்ட் டிஸ்க்கின் பாகங்கள் செய்யும் இடம். விடியற்காலையில் தோட்டத்து முச்சந்தியில் தொழிற்சாலைப் பேருந்து வந்து நிற்கும்; பாலத்தைத் தாண்டிப் போய், தலை முதல் கால் வரை மூடும் வெள்ளை உடுப்பை மாட்டிக்கொண்டு, 'ஸ்கோப்' முன்னால் உட்கார்ந்தால் எட்டு மணி நேரம். ஓ.டி. இருந்தால் பன்னிரண்டு. 2014 வரை அதே வேலை. பேத்தி ஒருமுறை, "பாட்டி, நீங்க கிலாங்ல என்ன செஞ்சீங்க?" என்று கேட்டபோது அக்கா சொன்ன பதில் எனக்கு நினைவிருக்கிறது. "அழுக்குப் பார்த்தேன்."

நான் இருபத்தெட்டு ஆண்டுகள் இடைநிலைப் பள்ளியில் இயற்பியல் கற்றுக்கொடுத்தவன். 2007-இல் ஆல்பர்ட் ஃபெர்ட், பீட்டர் குருன்பெர்க் இருவருக்கும் நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. மெல்லிய காந்தப் படலங்களை அடுக்கினால் மின்தடை பெரிதாக மாறுகிறது என்று 1988-இல் கண்டுபிடித்ததற்கான பரிசு. வகுப்பில் கரும்பலகை நிறையப் படம் போட்டு, "உங்கள் வீட்டுக் கணினிக்குள் இருப்பது இதுதான்" என்று முழங்கினேன். அந்தப் படத்தில் இருந்த பொருளைத் தினமும் ஆயிரக்கணக்கில் கண்ணால் பார்த்துவந்தவர் என் சொந்த அக்கா. அவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லத் தோன்றவே இல்லை என்பதுதான் உண்மை.

அன்றைக்குத்தான் ஒரு பழைய சம்பளச் சீட்டைத் திருப்பிப் போட்டு, அதன் பின்பக்கத்தில் வரைந்து காட்டினேன். இந்த வாரம் எழுதுவது அதைத்தான்.

ஹார்ட் டிஸ்க்கில் தகவல் எல்லாம் சுழலும் தட்டின் மேல் குட்டிக் குட்டிக் காந்தங்களாகப் பதிந்திருக்கும். ஒரு காந்தம் ஒரு பக்கம் பார்த்தால் ஒன்று, மறுபக்கம் பார்த்தால் சுழியம் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். தட்டுக்கு மேலே, சில நானோமீட்டர் இடைவெளியில் பறந்துகொண்டே அதைப் படிப்பதுதான் வாசிப்புத் தலை. அக்காவின் மொழியில் ஹெட். ஒரு நானோமீட்டர் என்பது ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. தலைமுடியின் தடிமன் சுமார் எண்பதாயிரம் நானோமீட்டர்.

அந்தத் தலைக்குள் இருப்பது ஓர் அடுக்கு. கீழே ஒரு காந்தப் படலம், மேலே ஒரு காந்தப் படலம். இரண்டும் கோபால்ட், இரும்பு, போரான் கலந்த உலோகம். நடுவில் மெக்னீசியம் ஆக்சைடு. இது உலோகமல்ல, மின்சாரத்தைக் கடத்தாத காப்புப் பொருள். இதன் தடிமன் ஏறக்குறைய ஒரு நானோமீட்டர். எண்ணிப் பார்த்தால் நான்கைந்து அணு வரிசை. அவ்வளவுதான் சுவர்.

கீழ்ப் படலத்தின் காந்தத் திசையை அசையாமல் பூட்டி வைத்திருப்பார்கள். மேல் படலம் சுதந்திரமானது. தட்டில் கடந்து போகும் குட்டிக் காந்தம் எந்தப் பக்கம் இழுக்கிறதோ அந்தப் பக்கம் இது சாயும். இரண்டு படலமும் ஒரே திசையில் நின்றால் சுவர் வழியாக மின்சாரம் எளிதாகப் போகும். எதிர் எதிராக நின்றால் திணறும். அந்த வித்தியாசத்தை அளந்தால் தட்டில் எழுதியிருப்பது ஒன்றா சுழியமா என்று தெரிந்துவிடும்.

"காப்புப் பொருள்னு சொல்ற, அப்புறம் கரண்ட் எப்படிப் போகும்?" என்று அக்கா கேட்டார். வகுப்பில் இந்தக் கேள்வியைக் கேட்ட மாணவர்கள் குறைவு.

நாங்கள் பிறந்தது கெடாவில் ஒரு ரப்பர் தோட்டத்து லயன் வீட்டில். வரிசையாக வீடுகள், வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் பலகைச் சுவர். ஆள் போக முடியாது, கை போக முடியாது. ஆனால் அடுத்த வீட்டு வானொலியில் என்ன பாட்டு ஓடுகிறது, யாருக்கு இருமல், யார் வீட்டில் இன்றைக்குக் கருவாடு, எல்லாம் நமக்குத் தெரியும். எலெக்ட்ரானும் கல்லைப் போல ஒரே இடத்தில் கிடக்கும் பொருளல்ல, அலையைப் போன்றது. சுவரில் முட்டியதும் அந்த அலை சட்டென்று அறுந்துபோவதில்லை. சுவருக்குள் நுழைந்து தேய்ந்துகொண்டே போகும். சுவர் தடிமனாக இருந்தால் உள்ளேயே செத்துவிடும். நான்கைந்து அணு வரிசைதான் என்றால், தேய்ந்தது போக ஒரு மிச்சம் மறுபக்கம் எட்டிப் பார்க்கும். அந்த மிச்சம்தான் மின்சாரம். சுரங்கம் தோண்டிப் போவதுபோல இருப்பதால் இதைச் சுரங்க விளைவு என்கிறார்கள்.

இனித்தான் வில்லங்கம். மேல் படலம் தட்டின் பேச்சை மட்டும்தான் கேட்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரனான கீழ்ப் படலத்தின் பேச்சைக் கேட்கவே கூடாது. கேட்டால் அது எப்போதும் ஒரு பக்கமாகவே சாய்ந்து நிற்கும், படிப்பது பிசகும். ஆனால் பலகைச் சுவரில் பேச்சுக் கேட்காமல் இருக்குமா?

இரண்டு காந்தப் படலங்கள் நடுவிலுள்ள இன்னொரு படலத்தைத் தாண்டி ஒன்றை ஒன்று பாதிக்கின்றன என்பது முதலில் தெளிவாகத் தெரிந்தது நடுவில் உலோகம் இருந்தபோதுதான். 1986-இல் ஜெர்மனியின் யூலிஷ் ஆய்வு மையத்தில், அதே குருன்பெர்க்கின் குழு, இரண்டு இரும்புப் படலங்களுக்கு நடுவில் குரோமியத்தை வைத்தது. இரும்புப் படலங்கள் தாமாகவே எதிர் எதிர்த் திசையில் திரும்பி நின்றன. 1990-இல் அமெரிக்காவில் ஐ.பி.எம். ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் பார்க்கின் குழு, நடு உலோகத்தின் தடிமனைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றினால் படலங்கள் ஒருமுறை ஒத்தும் மறுமுறை எதிர்த்தும் மாறி மாறி நிற்கின்றன என்று காட்டியது. உலோகத்தில் எலெக்ட்ரான்கள் சுதந்திரமாகத் திரிபவை. செய்தியைச் சுமந்து போக ஆள் இருக்கிறது. அதில் வியப்பில்லை.

காப்புப் பொருளில் அப்படித் திரியும் எலெக்ட்ரான் கிடையாது. அங்கே மௌனம்தான் இருக்க வேண்டும் என்று நினைக்கத் தோன்றும். 1989-இல் ஜான் ஸ்லான்செவ்ஸ்கி என்ற ஐ.பி.எம். இயற்பியலாளர் கணக்குப் போட்டு, இல்லை, பேச்சு இருக்கும் என்றார். ஒவ்வோர் எலெக்ட்ரானும் தனக்கென ஒரு குட்டிக் காந்தத்தை வைத்திருக்கிறது, 'ஸ்பின்' என்பார்கள். இரண்டு பக்கத்திலிருந்தும் சுவருக்குள் தேய்ந்தபடி நுழையும் அலைகள் அந்த ஸ்பின்னையும் கூடவே கொண்டுவருகின்றன. மின்சாரம் பாய்ச்சாவிட்டாலும், எதிர்ப் படலத்தின் காந்தத்தை அவை மெல்லத் திருகிப் பார்க்கும். சுவர் தடிக்கத் தடிக்க அந்தத் திருகல் மிக வேகமாகக் குறையும். கணக்கு அழகாக இருந்தது. கண்ணால் காண்பதுதான் கடினம்.

ஏன் கடினம் என்றால், பேச்சுக் கேட்பதற்கு வேறு இரண்டு மட்டமான காரணங்கள் உண்டு. லயன் வீட்டுப் பலகையில் முடிச்சு விழுந்த இடத்தில் ஓட்டை இருக்கும் அல்லவா? நாங்கள் அதில் காகிதத்தைத் திணித்து அடைப்போம்; பக்கத்து வீட்டுப் பையன் மறுபடியும் குத்தித் திறப்பான். அதேபோல நான்கைந்து அணு வரிசைச் சுவரில் ஓரிடத்தில் அணுக்கள் சரியாகப் படியாமல் போனால், மேல் உலோகமும் கீழ் உலோகமும் அங்கே தொட்டுக்கொள்ளும். ஊசித் துளை. தொட்டுக்கொண்டால் இரண்டு காந்தமும் ஒரே திசையில்தான் நிற்கும்.

இரண்டாவது, சுவர் வழவழப்பாக இல்லாமல் மேடும் பள்ளமுமாக இருப்பது. கூரைக்குப் போடும் ஜிங்க் தகரம் இரண்டை அலைமேல் அலை பொருந்த அடுக்கியதைக் கற்பனை செய்யுங்கள். கீழ்ப் படலத்தின் மேட்டின் சரிவில் ஒரு வடமுனை தோன்றினால், அதற்கு நேர் எதிரே மேல் படலத்தின் சரிவில் தென்முனை தோன்றும். வடக்கும் தெற்கும் ஈர்க்கும். ஆக, இரண்டு படலமும் ஒரே திசையில் நிற்கவே விரும்பும். லூயி நேல் என்ற பிரெஞ்சு மேதை 1962-லேயே இதைச் சொல்லிவிட்டார். ஆரஞ்சுத் தோலின் சொரசொரப்பை நினைவூட்டுவதால் ஆரஞ்சுத்தோல் இணைப்பு என்றே இதற்குப் பெயர் நிலைத்துவிட்டது. இயற்பியலாளர்களும் பெயர் வைக்கும்போது சமையலறைக்குத்தான் போகிறார்கள்.

ஆகவே, காப்புச் சுவரைத் தாண்டி இரண்டு படலமும் ஒத்து நிற்பதை ஒருவர் அளந்து காட்டினால், "ஓட்டை இருக்கும்", "சொரசொரப்பு இருக்கும்" என்று மற்றவர்கள் தட்டிக் கழித்துவிடலாம். 2002-இல் பிரான்சின் நான்சி நகர ஆய்வாளர்கள் அதற்கு இடம் தரவில்லை. மிக உயர்ந்த வெற்றிடத்தில், அணு வரிசை பிசகாமல், இரும்பு, மெக்னீசியம் ஆக்சைடு, மறுபடி இரும்பு என்று வளர்த்தார்கள். சுவரை அரை நானோமீட்டர் அளவுக்கு மெலிதாக்கியபோது இரும்புப் படலங்கள் எதிர் எதிர்த் திசையில் நின்றன. கவனியுங்கள்: ஓட்டை இருந்திருந்தால் ஒத்து நின்றிருக்கும். சொரசொரப்பு என்றாலும் ஒத்துத்தான் நின்றிருக்கும். எதிர்த்து நின்றதால் அந்த இரண்டு காரணமும் அடிபட்டுப்போயின. சுவரைத் தடிப்பாக்கியபோது அந்த எதிர்ப்பு வேகமாகத் தேய்ந்தது, ஸ்லான்செவ்ஸ்கியின் கணக்கு சொன்ன மாதிரியே. சுவருக்குள் ஆக்சிஜன் அணு விடுபட்ட வெற்றிடங்களும் இந்தப் பேச்சுக்குத் துணை போகின்றன என்று பின்னால் வேறு சிலர் வாதாடினார்கள். எப்படியானாலும் பேச்சு உண்மை.

எனக்கு இந்தச் சோதனை மிகவும் பிடிக்கும். சந்தேகப்படுகிறவன் சொல்லக்கூடிய சாக்குகளை எல்லாம் முன்கூட்டியே யோசித்து, அந்தச் சாக்குகளால் விளக்கவே முடியாத ஒன்றைக் காட்டுவது.

"அப்ப சுவரைக் கொஞ்சம் தடிப்பா வெச்சிட்டுப் போக வேண்டியதுதானே?" என்றார் அக்கா. அங்கேதான் தொழிற்சாலைக்காரர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். சுவர் ஓர் அணு வரிசை கூடினாலே மின்தடை பல மடங்கு ஏறிவிடும். தலையோ வரவரச் சிறுத்துக்கொண்டே போகிறது. தகவலை வேகமாகப் படிக்க மின்தடை குறைவாக இருக்க வேண்டும். தடிப்பாக வைத்தால் மின்சாரம் திணறும். மெலிதாக வைத்தால் பக்கத்து வீட்டுப் பேச்சுக் கேட்கும். அதனால்தான் படலம் படிவதற்கு முன் அடித்தளத்தை வழவழப்பாக்க அத்தனை பாடுபடுகிறார்கள். அப்படியும் மிஞ்சும் சாய்வை, எதிர்ப்பக்கம் இழுக்கும் ஒரு காந்தப்புலத்தைக் கொண்டு சமன் செய்கிறார்கள்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. கீழ்ப் படலத்தைப் பூட்டி வைப்பதாகச் சொன்னேனே, அந்தப் பூட்டுக்கும் இதே விதமான பேச்சுத்தான் பயன்படுகிறது. கீழே உண்மையில் இருப்பது இரண்டு காந்தப் படலங்கள். நடுவில் ஒரு நானோமீட்டருக்கும் குறைவான ருத்தீனியம் உலோகம். அதன் வழியாக அவை வேண்டுமென்றே ஒன்றை ஒன்று எதிர்த்து நிற்க வைக்கப்படுகின்றன. பார்க்கின் காட்டிய அதே மாறாட்டம். ஒரே அடுக்கில் கீழ்ச் சுவர் வழியாக நன்றாகப் பேச வேண்டும். சில நானோமீட்டர் மேலே உள்ள சுவர் வழியாக வாயே திறக்கக்கூடாது.

காப்புச் சுவர் தலைகள் சந்தைக்கு வந்தது 2000-களின் நடுவில். 1995-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஜெகதீஷ் மூடேரா குழுவும் ஜப்பானின் தோஹோக்கு பல்கலைக்கழகத்தில் மியாசாகி குழுவும் அலுமினிய ஆக்சைடுச் சுவர் கொண்டு, அறை வெப்பநிலையில் இருபது விழுக்காட்டுக்குள் மின்தடை மாற்றத்தைக் காட்டின. 2004-இல் பார்க்கினும், ஜப்பானின் சுகுபாவில் யுவாசாவும் மெக்னீசியம் ஆக்சைடு கொண்டு அதை இருநூறு விழுக்காட்டுப் பக்கம் கொண்டு போனார்கள். அதற்கு முன்பு அக்கா பார்த்த தலைகளில் நடுவில் இருந்தது தாமிரம், கடத்தும் உலோகம்.

இதைச் சொன்னதும் அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அதான் தம்பி! 2005, 2006 அந்த நேரத்துல எல்லாத்தையும் மாத்தினாங்க. கைப்பட்டையை ஒரு ஷிப்ட்டுக்கு ஒரு தடவை டெஸ்ட் பண்ணோம். அப்புறம் டீ குடிச்சிட்டு வந்தாலும் டெஸ்ட். மேசைக்கு மேல காத்தாடி மாதிரி ஒண்ணு மாட்டினாங்க. ஏன்னு கேட்டதுக்கு லைன் லீடர், 'பாஸ் சொன்னாரு, செய்ங்க'ன்னுட்டா. அவளுக்கும் தெரியாது."

நாம் நடந்தாலே, உடுப்பு உரசினாலே உடம்பில் நிலைமின்சாரம் ஏறும். விரல் நுனியில் சுள்ளென்று நமக்கே தெரிய வேண்டுமானால் அது மூவாயிரம் வோல்ட் அளவுக்கு ஏறியிருக்க வேண்டும். நான்கைந்து அணு வரிசைச் சுவரோ ஒன்றிரண்டு வோல்ட்டிலேயே உடைந்துவிடும். நாம் உணர முடியாத மின்சாரம் அதற்கு இடி. தாமிரத் தலையும் நிலைமின்சாரத்துக்குப் பயந்ததுதான். ஆனால் இந்தச் சுவருக்கு இருக்கும் பலவீனம் வேறு வகை. அந்தக் காத்தாடி காற்றில் மின்னூட்டம் பெற்ற துகள்களைப் பரப்பி, மேசைமேல் தங்கும் நிலைமின்சாரத்தை அழிப்பது. கைப்பட்டை உடம்பில் ஏறுவதை நிலத்துக்கு இறக்கிவிடுவது.

இன்னொன்றும் சொன்னேன். ஸ்கோப்பில் அக்கா என்னென்ன 'ரிஜெக்ட்' செய்வார் என்று கேட்டேன். தூசி, கறை, முனை உடைந்தது, முக்கியமாகக் கீறல். "மெல்லிசான கீறலைக்கூட விடக்கூடாதுன்னு சொல்லுவாங்க. கண்ணே போயிரும்." தலையின் பறக்கும் முகத்தைத் தேய்த்து வழவழப்பாக்கும்போது, அந்த அடுக்கின் விளிம்பு முழுவதும் அந்த முகத்தில்தான் வெட்டுப்பட்டு வெளியே தெரியும். அங்கே ஒரு கீறல் குறுக்கே ஓடினால், மேல் உலோகத்தை இழுத்துக்கொண்டு போய்ச் சுவரைத் தாண்டி கீழ் உலோகத்தில் பூசிவிடும். சுவர் இருந்தும் இல்லாத கதை. ஸ்கோப்பில் அந்தச் சுவர் தெரியாது. எந்தக் கண்ணாடி வில்லைக்கும் அது அகப்படாது. கீறல் மட்டும் தெரியும். அக்கா அழுக்குப் பார்க்கவில்லை. அந்தச் சுவர் தாண்டப்பட்டதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு கடிதத்துக்கு வந்தோம். அந்தத் தட்டில் இருந்த தலைகள் எல்லாம் கடைசி மின்சோதனையில் 'லோ' காட்டினவாம். அதாவது மின்தடை இருக்க வேண்டிய அளவைவிடக் குறைவு. கைப்பட்டை போட்டிருந்தார், காலையில் சோதனையும் செய்திருந்தார். நிலைமின்சாரம் தாக்கிச் சுவர் உடைந்தாலும் மின்தடை குறையும். படலம் படியும்போதே ஊசித் துளை விழுந்திருந்தாலும் குறையும். தேய்க்கும்போது உலோகம் பூசிக்கொண்டாலும் குறையும். முதலாவது அக்காவின் மேசையிலோ அதற்கு முன்னும் பின்னும் உள்ள எந்த மேசையிலோ நேர்ந்திருக்கலாம். இரண்டாவது, அந்தத் தகடு பினாங்குக்கு வந்து சேர்வதற்கு முன்பே நேர்ந்தது. மூன்றிலும் கடைசிச் சோதனையில் விழும் எண் ஒரே மாதிரிதான். எந்த மேசை என்று கண்டுபிடிக்க, கெட்ட தலைகளில் சிலவற்றை வெட்டி எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்திருக்க வேண்டும். பார்த்தார்களா என்று கடிதத்தில் இல்லை. தட்டில் கடைசியாகக் கையெழுத்துப் போட்டவர் பெயர் மட்டும் இருந்தது.

"அப்ப என் கைதான்னு சொல்ல முடியாது."

"முடியாது. உங்க கை இல்லைன்னும் என்னால சத்தியம் பண்ண முடியாது, அக்கா."

"அது பரவாயில்ல," என்றார். "கைப்பட்டையில உள்ளுக்குள்ள வயர் அறுந்திருந்தாக்கூட நமக்குத் தெரியாது. ஆனா கெச்சுவாயான்னு போட்டான் பாரு. அதான்."

சற்று நேரம் என் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பேனாவை வாங்கி, நான் தலையைத் தட்டின்மேல் உட்கார வைத்திருந்த கோணத்தை அடித்துவிட்டு, வேறு மாதிரி வரைந்தார்.

"இப்படிப் படுத்திருக்காது தம்பி. இந்தப் பக்கம்தான் முகம். நீ வரைஞ்ச மாதிரி மாட்டினா நானே ரிஜெக்ட் பண்ணியிருப்பேன்."

சரிதான். இருபத்தெட்டு வருடம் கரும்பலகையில் நான் அதைத் தப்பாகத்தான் வரைந்திருக்கிறேன்.